காற்று விட்டுப் பார்க்கிறவர்

அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவருடைய குடையும் கைப்பையும்தான் உட்கார்ந்திருக்கும். மதியச் சாப்பாட்டைக்கூட டிபன் பாக்ஸைக் கையில் ஏந்தி, ஜன்னலோரம் நின்று, மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். சாரல் இறங்குகிறதா என்று பார்க்கிறாராம். இறங்கினால் சொல்வார். நின்றால் சொல்வார். மறுபடி இறங்கினால் அதையும் சொல்வார். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தார். இடம் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொள்வார் என்று அதே பஸ்ஸில் வரும் மாணவிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படி நிலைகொள்ளாத ஒருவர் தண்ணீருக்குள் எது நிலைத்து நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்தார். இதை நான் அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

தென்காசியில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் துறைத் தலைவனாக இருந்தேன். என் படிப்பு கரிம வேதியியல். குற்றால மலைப் பச்சிலைகளைக் காய்ச்சி வடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை. அவர் எனக்குக் கீழே விரிவுரையாளர், என்னைவிட வயதில் நன்றாக இளைய பெண். வகுப்புகள் முடிந்த பிறகு ஆய்வகத்தின் ஒரு மூலையில் முனைவர் பட்டத்துக்கான சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இது அவரைப் பற்றிய பாராட்டு என்று யாராவது நினைத்துவிடக்கூடும்.

அவர் செய்ததை எளிதாகவே சொல்லிவிடலாம். உலோக அணு தண்ணீரில் தனியாக இருப்பதில்லை. வேறு மூலக்கூறுகள் வந்து அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பாடப்புத்தகம் அவற்றை ஈனிகள் என்கிறது. ஒரே வகை ஈனி பிடிப்பது ஒன்று. இரண்டு வேறு வகை ஈனிகள் ஒரே அணுவைச் சேர்ந்து பிடிப்பது இன்னொன்று. அந்தக் கலப்பு தண்ணீரில் நிலைத்து நிற்குமா, எத்தனை காலம் நிற்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. கல்யாணத் தரகர் வேலை மாதிரி இருக்கிறதே என்று துறையில் எல்லாரும் கேலி செய்தோம். அவருக்கு அது பிடிக்காது. “மனுஷங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார். இது தண்ணிக்குள்ள கெடக்க கோபால்ட்டு,” என்பார். சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார்.

கோபால்ட் கரைந்த தண்ணீரில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தால் லேசான ரோஸ் நிறம் வரும். காற்றுப் பட்டால் அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு டீ நிறமாகிவிடும். நைட்ரஜனைக் குமிழிகளாக உள்ளே விட்டால் ஆக்சிஜன் கழன்றுபோய் ரோஸ் திரும்பும். நம் இரத்தம் செய்கிற வேலைதான். ஆனால் இரத்தம் அளவுக்கு அதற்கு உழைக்கத் தெரியாது. சில தடவை போய் வந்த பிறகு திரும்பாமல் நின்றுவிடும். ஹிஸ்டிடினோடு இரண்டாவது ஈனி ஒன்றையும் சேர்த்துப் பிடிக்க வைத்தால் அந்தக் கலப்பு இன்னும் அதிகம் போய் வரும் என்று அவர் நம்பினார். முழுக்கப் போய்விட்டது போலத் தெரிந்தாலும், பொறுத்திருந்தால் திரும்பும் என்றும் நம்பினார்.

நம்பினாரே தவிர எழுதவில்லை. அதுதான் அவர். எதையும் இரண்டாவது தடவை பார்க்காமல் எழுத மாட்டார். ரோஸ் வந்துவிட்டதே, எழுதுங்கள் என்று நான் சொன்னால், “ஒரு தடவை காத்து விட்டுப் பாத்திருவோம் சார்,” என்பார். காற்று விட்டு, டீ நிறமாக்கி, மறுபடி ரோஸ் ஆக்கி, அதன் பிறகுதான் பேனாவை எடுப்பார். இடைப்பட்ட நேரம் முழுவதும் மேசையைச் சுற்றி நடை. செருப்புச் சத்தத்தை வைத்தே குடுவை எந்த நிலையில் இருக்கிறது என்று எங்கள் ஆய்வக உதவியாளர் சொல்லிவிடுவார். அவர் செங்கோட்டைக்காரர். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். “இப்பம் கட்டஞ்சாயா ஆயிட்டு சார். நடை வேகமாயிட்டு பாருங்க,” என்பார். பால் விடாத டீயைத்தான் கட்டஞ்சாயா என்பார்.

நைட்ரஜன் உருளை வெளியூரிலிருந்து வர வேண்டும். தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தென்காசிக் கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் கால்பந்துக்குள் போடும் ரப்பர் பிளாடர் ஒன்றை வாங்கி வந்து, அதில் நைட்ரஜனை நிரப்பி, ரப்பர் குழாயால் குடுவையின் வாயோடு இணைத்து, ஸ்டாண்டில் தொங்கவிட்டார். உருளையை மூடிய பிறகும் குடுவை நைட்ரஜனுக்குள்ளேயே இருக்கும். அண்ணாச்சி அதை முதலில் பார்த்த அன்று, “என்ன டீச்சரம்மா, ஆட்டு நுரையீரலை மாட்டி வச்சிருக்கீய?” என்று கேட்டார். இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அறுத்துராதீய அண்ணாச்சி, உசிரு இருக்கு,” என்றார்.

அவருடைய இந்தக் குணம் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஒருமுறை உள்தேர்வில் ஒரு பையன் பிட் அடித்துப் பிடிபட்டான். நான் அவனை முதல்வரிடம் அனுப்பச் சொன்னேன். அவர் தடுத்து, அவனிடம் போய், “ஏலே, நாளைக்கு வா. ஒனக்கு மட்டும் தனியா வைக்கேன்,” என்றார். மறுநாள் அவனை ஓர் அறையில் உட்காரவைத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். பையன் அன்றும் பிட் அடித்தான். அவரே அவனை முதல்வரிடம் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னிடம், “இவன் போயிட்டான் சார்,” என்றார். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை.

இன்னொரு தடவை நூலகத்தில் வேலை பார்த்த அம்மாள் அவரைப் பற்றி ஏதோ சொல்லி, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். இவர் சரி என்று மட்டும் சொன்னார். நல்ல சாரல் அடித்த ஒருநாள் தன் குடையை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்து, மாலையில் அந்த அம்மாளிடம் போய் அவர் குடையைக் கேட்டார். அந்த அம்மாள் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். “திரும்பிருச்சு சார்,” என்று மறுநாள் இவர் என்னிடம் வந்து சொன்னார். அதன் பிறகு அவர்கள் இருவரும் பிரிந்து நான் பார்த்ததில்லை.

அவரை இரக்கமுள்ளவர் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரக்கம் இருந்தால் மறுபடி சோதிக்கத் தோன்றாது. அவர் எல்லாருக்கும் இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்தார். ஆனால் அது குடுவைக்குள் காற்றை விடுவது போன்ற வாய்ப்பு. என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். என்னை எப்போது சோதிப்பார் என்று எனக்குள் ஒரு அச்சம் இருந்தது. சோதிக்கவே இல்லை. நான் ஒன்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் ஒரு தம்பி இருந்தார். வயலைப் பங்கு பிரித்ததில் சண்டை போட்டுக்கொண்டு ஆலங்குளம் பக்கம் குடிபோய்விட்டார். ஒவ்வொரு சாரலுக்கும் இவர் தம்பிக்குப் போன் போடுவார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிக்க வா என்பார். தம்பி ஏதாவது காரணம் சொல்வார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, “இந்த வருசமும் பிரவுன்தான்,” என்று சிரிப்பார். அடுத்த வருடம் மறுபடி போடுவார்.

இனி நான் செய்தது.

கலப்பு ஈனிக் குடுவை ஒன்று பல தடவை போய்த் திரும்பி, கடைசியில் டீ நிறத்திலேயே நின்றுவிட்டது. நெடுநேரம் நைட்ரஜன் விட்டும் அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் கொட்டியிருப்பார்கள். அவர் அதை பிளாடரோடு இணைத்து மூலையில் வைத்து, தொடக் கூடாது என்று காகிதம் ஒட்டிவிட்டார். நாட்கள் போயின. வாரங்கள் போயின. காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். அது திரும்பினால் அவருடைய ஆய்வேட்டின் முடிவு ஒன்று. திரும்பாவிட்டால் வேறு. அவருடைய பதிவுக்காலம் முடியப் போகிறது, அதற்குள் ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும் என்று அவருடைய வழிகாட்டி நெருக்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம்தான் கல்லூரியின் தரத்தை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அவர்களே தேர்ந்தெடுத்த தேதி நல்ல சீசனில் விழுந்தது. ஆனி ஆடியில் தென்காசிக்கு வருகிறவர்கள் தென்காசிக்காக வருவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தோம். வாடகைக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து இறங்கின. குழுவில் ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். குற்றாலத்து விடுதியில் அவருக்கு அறை பார்த்து, தலையணை, வெந்நீர், எண்ணெய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கவனிக்க ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும். நான் இவரை அனுப்பினேன். அனுப்புவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இவர் இருந்தால் அந்த மூலையைச் சுத்தம் செய்ய முடியாது. அந்த ஆட்டு நுரையீரலைப் பார்த்துக் குழு சிரிக்கும் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அன்று காலை ஆய்வகத்தை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கிளம்பும்போது என்னிடம் வந்து, “சார், அந்தக் குடுவையை மட்டும் யாரும் தொடாம பாத்துக்கோங்க,” என்றார்.

“நான் பாத்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க,” என்றேன்.

அண்ணாச்சியைத் தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொல்லி வெளியே அனுப்பினேன். அவர் போகிற போக்கில் அந்த மூலையையும் என்னையும் பார்த்துவிட்டு, டீச்சரம்மா கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். குடுவையைப் பத்திரமாக அலமாரிக்குள் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிளாடரோடு அது அலமாரிக்குள் போகவில்லை. குழாயைக் கழற்றினேன். பிளாடரை இழுப்பறைக்குள் திணித்தேன். குடுவையின் வாய் திறந்து கிடந்தது. காற்று உள்ளே போய்விட்டது, இனி இது எதற்கும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளைப் பீங்கான் தொட்டியில் கவிழ்த்தேன்.

விழுந்தது ரோஸ்.

பீங்கானின் வெள்ளையில் அது தெளிவாகத் தெரிந்தது. மூலையின் இருட்டில், ஒட்டிய காகிதத்துக்குப் பின்னால், நான் நிறத்தைக் கவனித்திருக்கவில்லை. இப்போது பார்த்தேன். பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.

மாலையில் அவர் குற்றாலத்திலிருந்து நனைந்து திரும்பினார். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர் மூலையைப் பார்த்தார். துடைத்த மேசை. கழுவிக் கவிழ்த்த குடுவை. நான் பக்கத்திலேயே இருந்தேன். குழுவுக்காக எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று ஏதோ சொன்னேன். அவர் அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன கலர்ல சார் இருந்துது?”

ரோஸ் என்று சொன்னால் நான் கொட்டியது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு. டீ நிறம் என்று சொன்னால் நான் கொட்டியது கெட்டுப்போன தண்ணீர்.

“டீ கலர்தான்மா. அப்படியேதான் இருந்துது,” என்றேன்.

“சரி சார்,” என்றார். பிறகு நடக்கத் தொடங்கினார்.

மறுபடி செய்து பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். உருளை காலி. வாங்கி வைத்திருந்த இரண்டாவது ஈனியும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஒரு குடுவை அந்த இடத்துக்கு வந்து சேர மாதக்கணக்காகும். வழிகாட்டி நெருக்குகிறார். இவையெல்லாம் உண்மை. ஆனாலும் எனக்குத் தெரிந்தவரை அவர் இப்படிப்பட்ட எந்தத் தடையையும் பொருட்படுத்தியவர் அல்ல. துறைத் தலைவர் தன் கண்ணால் பார்த்துச் சொன்னார். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஒரு தடவை காற்று விட்டுப் பார்க்காமல் எதையும் எழுதாதவர் என் வார்த்தையை அப்படியே எழுதினார். கலப்பு ஈனிச் சேர்மம் ஒரு நிலைக்கு மேல் போனால் எவ்வளவு பொறுத்தாலும் திரும்புவதில்லை என்று ஆய்வேட்டை முடித்தார். பட்டம் வந்தது. முன்பக்க நன்றியுரையில் என் பெயர் இருந்தது.

குழுவை நான் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆய்வகம் பளிச்சென்று இருந்ததாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. வகுப்பெடுத்தார், நன்றாகவே எடுத்தார். அடுத்த சாரலில் தம்பிக்குப் போன் போட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்டேன். “போதும் சார். எத்தன தடவ,” என்றார். குடுவையையும் தம்பியையும் முடிச்சுப் போட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவரும் ஒருநாளும் போட்டதில்லை. நான்தான் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மதியம் தூக்கம் வராமல் எழுந்து வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடக்கும்போதெல்லாம் போடுகிறேன்.

நான் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரும் ஓய்வுபெற்று, வாசுதேவநல்லூர் வீட்டைக் கொடுத்துவிட்டு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் துறையில் பழைய ஆசிரியர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு விருந்து கொடுத்தார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அவர் என்னை அறிமுகம் செய்துவைத்தார். அப்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுதான் சாப்பிட்டார். “நான் எதையும் ரெண்டு தடவ பாக்காம எழுதினதில்ல. சார் சொன்ன ஒண்ணைத் தவிர,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அன்றிலிருந்து நான் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. மேலகரத்துக்கு மினி பஸ்ஸில் போவேன். அவர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் நடப்பேன். அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். என் வீட்டில் மதுரையிலிருந்து சீசனுக்கு வந்த உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கே போகிறேன் என்று அவர்கள் கேட்டால் நடைப்பயிற்சி என்பேன். டீக்கடைக்காரர்கூட ஒருநாள், “அண்ணாச்சி, யாரைத் தேடுதீய?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

என்னை உட்காரச் சொன்னார். காப்பி போடப் போனார். நான் உட்கார்ந்தேன். அவர் அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடந்தபடி, இந்த வருடம் பழைய குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். ஆனாலும் நடை நிற்கவில்லை. காப்பியை என் முன்னால் வைத்தபோது சொன்னேன்.

“அன்னைக்கு நான் கொட்டினது டீ கலர் இல்லம்மா. ரோஸா இருந்துது. நான் பொய் சொல்லிட்டேன்.”

அழுவார் என்று நினைத்திருந்தேன். வெளியே போங்கள் என்பார் என்று நினைத்திருந்தேன். ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். எந்தக் குடுவை என்றுகூட அவர் கேட்கவில்லை.

“எம்புட்டு ரோஸ் சார்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. லேசாகவா, அடர்த்தியாகவா என்று மறுபடி கேட்டார். பீங்கான் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா. குழாயைத் திறப்பதற்கு முன்னால் பார்த்தேனா, பின்னால் பார்த்தேனா. குழாயைத் திறக்காமல் கொஞ்ச நேரமாவது விட்டிருந்தேனா. உடனே திறந்துவிட்டேன் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்.”

“என்னது?”

“ரோஸுல ரெண்டு இருக்கு.”

பிறகு நடந்துகொண்டே சொன்னார். ஒன்று, ஆக்சிஜனை விட்டுவிட்டுத் திரும்பி வந்த ரோஸ். மற்றது, திரும்பவே முடியாத இடத்துக்குப் போய்விட்ட ரோஸ். டீ நிறத்திலேயே ரொம்ப நாள் கிடந்தால் கோபால்ட்டே மாறிப்போய்விடும், ஓர் எலக்ட்ரானை இழந்து வேறு ஆளாக நிற்கும், அதற்கும் நிறம் ரோஸ்தான். ஈரத் தொட்டியில் ஊற்றிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கண்ணால் பிரிக்க முடியாது. காற்று விட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி டீ நிறமானால் அது திரும்பி வந்தது. ரோஸாகவே நின்றால் அது செத்தது. தொட்டியில் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் காற்று பட்டே அது தெரிந்திருக்கும்.

இத்தனை வருடம் நான் ஓர் உயிரைக் கொட்டிவிட்டேன் என்று நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். அது பிணமாகவும் இருந்திருக்கலாம் என்கிறார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எது என்று தெரியாததுதான் இப்போது தெரிந்தது.

“என் மேல கோவமாம்மா?” என்று கேட்டேன்.

“அது கெடக்கட்டும் சார். மொதல்ல இதை முடிப்போம்,” என்றார்.

நான் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அவரிடமிருந்து போன். ஜன்னல் திறந்திருந்ததா, சாரலால் சாத்தியிருந்ததா என்று கேட்டார். சாத்தியிருந்தது என்றேன். மறுநாள் குடுவையை எந்தக் கையில் பிடித்திருந்தேன், குலுக்கினேனா என்று கேட்டார். அதற்கடுத்து, ரோஸ்தானா, நிச்சயமா என்று முதல் கேள்விக்கே திரும்பினார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குச் சோதிக்காமல் எடுத்துக்கொண்ட என் வார்த்தைக்கு இப்போது காற்று விடுகிறார்.

முந்தாநாள் கேட்டதுதான் கடினமான கேள்வி.

“பிளாடரைக் கழட்டும்போது விம்மிக் கனமா இருந்துதா சார்? இல்ல, காத்து இறங்கித் தொவண்டு கெடந்துதா?”

ஏன் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். துவண்டு கிடந்திருந்தால் எங்கோ ஒழுகி வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது, அப்படியென்றால் அந்த ரோஸ் செத்த ரோஸ்தான், சந்தேகமே இல்லை. கனமாக இருந்திருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் திரும்பி வந்திருக்கலாம்.

அதாவது துவண்டு கிடந்தது என்று நான் சொன்னால் நான் கொட்டியது வெறும் தண்ணீர். கனமாக இருந்தது என்று சொன்னால் அவர் நம்பியதை இத்தனை காலம் கழித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தவனாவேன். இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு லாபம். எதைச் சொன்னாலும் மறுக்க உலகத்தில் ஆள் இல்லை. அன்றைக்கு மாலை அவர் குடையோடு நின்று கேட்டபோது இருந்த அதே இடத்தில் மறுபடி நிற்கிறேன்.

நினைத்துப் பார்த்தேன். ரப்பர் நாற்றம் நினைவிருக்கிறது. உள்ளங்கையில் ஒட்டிய பவுடர் நினைவிருக்கிறது. இழுப்பறை சரியாக மூடவில்லை, முழங்காலால் தள்ளினேன், அதுகூட இருக்கிறது. பிளாடரின் கனம் மட்டும் இல்லை. நான் கவனிக்கவில்லை. எனக்கு அவசரம்.

“ஞாபகம் இல்லம்மா,” என்றேன்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது.

“நெசமாவா சார்?”

“நெசமாத்தான். தெரியல.”

“சரி,” என்றார். பிறகு, “நாளைக்கும் கேப்பேன்,” என்றார்.

நேற்றும் கேட்டார். தெரியவில்லை என்றேன். இன்று இன்னும் போன் வரவில்லை. காலையிலிருந்து மலை மறைந்து கிடக்கிறது. உறவினர்கள் எல்லாரும் குளிக்கப் போய்விட்டார்கள். யோசிக்க யோசிக்க, அந்த பிளாடர் என் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வருகிறது. நேற்று இருந்ததைவிட இன்று கனம் கூடியிருக்கிறது. இது நினைவல்ல, என் ஆசை. இன்னும் சில நாள் போனால் இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியாமல் போய்விடும். அதற்குள் அவர் கேட்டு முடித்துவிட வேண்டும்.

அவர் கூப்பிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.